4/6 என்றால் எந்த நாள்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சீனம்–ஆங்கிலம் இணையவழிப் பரிமாற்றத்தை ஏற்பாடு செய்யும் செயலவையினருக்கு, வணக்கம்.

நான் செம்பனை ஆலை ஒன்றில் கிராணி, அதாவது எழுத்தர். பழக்குலை ஏற்றி வரும் லோரிக்காரர்களில் பாதிப் பேர் சீனர்கள். வேலை விளம்பரங்களைத் திறந்தால் ‘மாண்டரின் பேசத் தெரிந்தவர்’ என்ற வரி கண்ணில் படாத நாளில்லை. நாற்பது வயதில் சீனப்பள்ளிப் பெஞ்சில் போய் உட்கார முடியுமா? அதனால் உங்கள் அறிவிப்பைப் பார்த்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். அரைமணி ஆங்கிலம், அரைமணி சீனம், காசு கிடையாது. நல்ல ஏற்பாடுதான். குறை சொல்ல எழுதவில்லை என்றால் அது பொய். கொஞ்சம் குறை சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்கு அமைந்தவர் சீனாவின் செங்டுவில் படிக்கும் கல்லூரிப் பெண். என் புலன (வாட்ஸ்அப்) எண்ணை அவருக்குக் கொடுத்துவிட்டீர்கள். சீனாவில் புலனம் வேலை செய்யாது, அங்கே எல்லாம் வீசேட் செயலிதான். சரி, அதைப் பதிவிறக்கினால், ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் ஸ்கேன் செய்து எனக்குச் சாட்சி சொல்ல வேண்டுமாம். இரும்புக்கடைத் தவுக்கேதான் (சீன முதலாளி) ஆணி எடை போடுவதை நிறுத்திவிட்டு, துருப்பிடித்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கைப்பேசியை நீட்டினார்.

அப்புறம் தேதி. ‘4/6 சந்திப்போம்’ என்று அவர் எழுதினார். ஜூன் 4 என்று நாட்காட்டியில் வட்டம் போட்டேன். ஏன் இவ்வளவு தள்ளிப் போடுகிறார், பரீட்சையாக இருக்கும் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அவர் சொன்னதோ ஏப்ரல் 6. சீனர்கள் வருடம், மாதம், நாள் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வருவார்கள். அந்தப் பெண் அன்று ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறார்.

தேதியில் சூடுபட்டதால் அடுத்த தடவை கிழமையைக் கேட்டேன். ‘வாரம் மூன்று’ என்று பதில் வந்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று விரல்விட்டு எண்ணி, செவ்வாய் இரவு எட்டு மணிக்குத் தலைவாரிப் பொட்டு வைத்து உட்கார்ந்தேன். ஆளைக் காணோம். மறுநாள் அவர் அழைத்தபோது நான் கோயிலில். சீனத்தில் கிழமைக்கு எண்தான் பெயர்; திங்கள் ஒன்று, புதன் மூன்று. நாம் தினமும் மலாயில் செவ்வாய்க்குச் சொல்லும் ‘செலாசா’வும் அரபு மூன்றிலிருந்து வந்ததுதான், ஆனால் அது ஞாயிற்றிலிருந்து எண்ணுகிறது. ஒரே மூன்று, இரண்டு கிழமை. மணியில் மட்டும் தொல்லையில்லை. 1982 தொடக்கத்தில் நம் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதால், இன்று இங்கே எட்டு என்றால் அங்கேயும் எட்டு.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. ஒருவழியாகப் படம் தெளிந்து முகம் பார்த்ததும் அவர் தயங்கினார். “உங்கள் தாய்மொழி ஆங்கிலம் என்று சொன்னார்களே?” என்றார். தமிழ் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. உங்கள் படிவத்தில் இரண்டே பெட்டி: சீனம், ஆங்கிலம். நான் ஆங்கிலத்தில் கோடு போட்டேன். அதைத் தாய்மொழி என்று மாற்றி அவருக்கு அனுப்பியது நீங்கள். அவர் தேர்வுக்குப் படிக்கிறவர், விளக்கைப் போடு என்பதற்கு ‘ஆன் தி லைட்’ என்னும் நம் ஊர் ஆங்கிலம் அவருக்கு உதவாது என்று எனக்கே தெரியும். முன்கூட்டியே சொல்லியிருந்தால் வேண்டும், வேண்டாம் என்று அவர் முடிவு செய்திருப்பார். நடுவில் பொய்க்காரியாக நின்றது நான்.

அந்த முதல் மணி முழுவதும் ஆங்கிலத்திலேயே போனது. எனக்கு மனத்தாங்கல்தான். இலவச டியூஷன் வாங்கிக்கொண்டு போகிறாள் பார் என்று நினைத்தேன். பிறகுதான் சொன்னார், வயதில் மூத்தவர் நான், மாற்றலாம் என்று நானே சொல்லட்டும் என்று காத்திருந்தாராம். நானோ, கேட்டால் மரியாதையில்லை என்று வாய்மூடி இருந்தேன்.

உங்கள் அறிவிப்பில் ‘சீனம்’ என்று மட்டும் இருந்ததும் சரியில்லை. எந்தச் சீனம்? மாண்டரினா, கண்டனீஸா? படித்த மாண்டரினைத் தவுக்கேவிடம் சோதித்துப் பார்த்தேன். ‘மாய்’ என்பதைத் தாழ்த்தி எழுப்பினால் வாங்குவது, சடாரென்று இறக்கினால் விற்பது. பெட்டரி வாங்கப் போனவள் விற்க வந்ததாகச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டுப் பதிலைக் கண்டனீஸில் சொன்னார். அதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பிக்கோ அமைந்தவர் தைவான்காரர். நம் சீனப்பள்ளிகளில் சொல்லித்தரும் எளிய எழுத்தையும், சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யினையும் படித்தவன், அவர் அனுப்பிய பழைய எழுத்தைப் பார்த்து முழிக்கிறான்.

ஆகவே படிவத்தைத் திருத்துங்கள். தாய்மொழி எது, எந்தச் சீனம், எந்த எழுத்து, எந்தச் செயலி என்று தனித்தனியாகக் கேளுங்கள். மாதத்தைப் பெயரால் எழுதச் சொல்லுங்கள். அரைமணி ஆனதும் யார் மாற்றுவது என்பதையும் முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அந்தப் பெண் என்னை விடவில்லை. போன வகுப்பில் ‘ச்சி ல மா’ என்றார், சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நம் வீட்டு வாசலில் கேட்பதேதான் என்று சொல்லிக் கொடுத்தேன். ‘சாப்பிட்டாச்சா’வைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தார். உங்கள் படிவத்தில் அதற்குப் பெட்டி கிடையாது.

திருத்துவதற்கு ஆள் வேண்டுமென்றால் செவ்வாய் மாலை வேலை முடிந்து வருகிறேன். புதன் வேண்டாம், எட்டு மணிக்கு அவர் காத்திருப்பார்.

இப்படிக்கு,
ஆலைக் கிராணி ஒருத்தி