படிக்கிற பிள்ளை எப்படியும் படிச்சிடும்

அன்புத் தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, பயப்படும்படி ஒன்றும் இல்லை, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மழை பரவாயில்லை. ஊரில் கண்மாய் முக்கால்வாசி நிறைந்துவிட்டது, ஐயா இருந்திருந்தால் வீட்டுப் பக்கமே வந்திருக்க மாட்டார், வரப்பிலேயே நின்றிருப்பார். அங்கே குளிர் ஆரம்பித்திருக்குமே. காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே.

போனிலேயே பேசியிருக்கலாம்தான். மூன்று வாரமாக நீயும் என்னைக் கேட்கவில்லை, நானும் வாங்கிப் பேசவில்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா "அப்பா குளிக்கிறார்" என்று சொல்கிறாள், நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் என்றால் நீ இடையில் ஏதாவது சொல்வாய், எனக்குக் குரல் ஏறும், அப்புறம் அம்மா அழுவாள். அதனால்தான் டைப் அடிக்கிறேன். நீண்டுவிட்டால் பொறுமையாகப் படி.

அன்றைக்கு நான் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பேச்சை எடுத்தது உன்னிடம் பணம் வாங்க இல்லை. இரண்டு வகுப்பறையில் ஒழுகுகிறது, பழைய மாணவர்கள் ஏதாவது செய்யமுடியுமா என்று தலைமையாசிரியர் வீடு தேடி வந்து கேட்டுவிட்டுப் போனார், அதைச் சொன்னேன். உன் தாத்தா கையைப் பிடித்துக் கூட்டிப்போய் என்னைச் சேர்த்த பள்ளிக்கூடம், உன்னிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். நீ சொன்னாய், "இலவசமாக் குடுத்துக் குடுத்துத்தான்ப்பா நம்ம ஊரு இப்படி இருக்கு. படிக்கிற பிள்ளை எப்படியும் படிச்சிடும். நான் படிக்கலையா?"

நீ படித்தாய். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, அந்தப் பெருமையில்தான் இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கிறேன். 2013-ல்தான் ஐ.ஐ.டி. நுழைவுப் பரீட்சை முறையையே மாற்றினார்கள், மெயின், அட்வான்ஸ்டு என்று இரண்டாக்கி எல்லோரும் குழம்பிப்போயிருந்த வருஷம், அதிலும் நீ உள்ளே போனாய். உன் உழைப்பை நான் குறைத்துச் சொன்னால் என் கட்டை வேகாது. ஆனால் அதோடு சேர்த்து மற்றதையும் எண்ணிப் பார். இரண்டு வருஷம் ஆந்திராவில் அந்த ஹாஸ்டல் கோச்சிங், அதற்கு நான் கட்டிய தொகை அன்றைக்கு ஒரு மேஸ்திரியின் இரண்டு வருஷச் சம்பளத்துக்கு மேல். சாப்பாடு ஒத்துவரவில்லை என்று நீ போனில் அழுததும் அம்மா போய்ப் பக்கத்திலேயே வீடு எடுத்து ஆறு மாதம் சமைத்துப் போட்டாள். அப்புறம் சென்னை ஐ.ஐ.டி.யில் சேர்ந்தபோது வருஷத்துக்கு 90 ஆயிரம் கட்டினோம். உங்களுக்கு அரசாங்கம் செலவழித்தது அதைப்போலப் பல மடங்கு, அந்த வளாகத்தின் மரத்துக்கும் மானுக்கும்கூட யாரோ வரி கட்டியிருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் காலேஜ் வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள், தீப்பெட்டி வாங்கியபோது கட்டிய வரிதான்.

இதையே நான் என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். "அப்பா கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர்" என்று நீ உன் நண்பர்களிடம் சொல்வாய், எனக்கும் கேட்க நன்றாக இருக்கும், மறுத்ததில்லை. கஷ்டப்பட்டது நிஜம். ஆனால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் மதியம் சாப்பிட்ட உப்புமா உன் அப்பத்தா கிண்டியது இல்லை. காமராஜர் 1956-ல் ஆரம்பித்த மதிய உணவு, அதற்கு அறுபதுகளில் கேர் என்ற அமைப்பு மூலமாக அமெரிக்காவிலிருந்து கோதுமையும் பால் பவுடரும் எண்ணெயும் வந்தன. அந்தச் சாக்கில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்வதுபோல் ஒரு படம் போட்டிருக்கும். மழை பெய்தால் அந்தச் சாக்கைத்தான் கொங்காணி மாதிரி மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடுவோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க அப்போது தெரியாது, அமெரிக்க மக்கள் கொடுத்தது, விற்கக்கூடாது என்று எழுதியிருந்தது என்பது காலேஜுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. நீ இப்போது இருக்கிற ஊர்ப்பக்கம் எவனோ ஒரு விவசாயி விளைவித்தது, கல்லல் பக்கம் ஒரு பையன் வயிற்றுக்குள் போனது. அவனுக்கு என்னைத் தெரியாது. இந்தப் பையன் படிப்பானா மாட்டானா என்று அவன் கேட்கவில்லை.

அப்புறம் அழகப்பர். கல்லல் ஸ்டேஷன் வரை நடந்து, ரயில் ஏறி காரைக்குடிக்குப் போய் பி.யு.சி. என்ற ஒரு வருஷப் புகுமுக வகுப்பு படித்ததும் அவர் காலேஜில், 1977-ல் இன்ஜினியரிங் சேர்ந்ததும் அவர் ஆரம்பித்த காலேஜில். அவர் வசதியில் பிறந்தவர், லண்டனில் படித்தவர், மில்லும் வியாபாரமுமாக இருந்தவர். 1947-ல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா மேடையில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், வசதி இருப்பவர்கள் கல்லூரி ஆரம்பிக்க முன்வர வேண்டும் என்று பேச, இவர் அங்கேயே எழுந்து காரைக்குடியில் நான் ஆரம்பிக்கிறேன் என்றார். அந்த வருஷமே ஆரம்பித்தும்விட்டார். மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார், அன்றைய 15 லட்சம். பெண்கள் காலேஜுக்குத் தான் குடியிருந்த வீட்டையே கொடுத்தார். 48 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, 1957 ஏப்ரல் 5-ல் போய்விட்டார். அப்போது நான் பிறக்கவே இல்லை. காலையில் நான் அந்த வளாகத்தில்தான் நடக்கிறேன், ஒவ்வொரு நாளும் ஒரு முப்பது பிள்ளைகளாவது டிபன் டப்பாவோடு கிராமத்து பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே ஓடுகின்றன. பொட்டலாகக் கிடந்த இடம் அது.

அவர் மாதிரி நீ செய்யவேண்டும் என்று நான் கேட்கவில்லை, என்னாலேயே முடியாது. ஆனால் படித்தவனுக்கும் பணம் சேர்ந்தவனுக்கும் ஒரு பாக்கி இருக்கிறது. தர்மம் என்று அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, தர்மம் என்றால் தோன்றினால் செய்யலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்றாகிவிடும். இது கடன். உப்புமா கொடுத்தவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது, அடுத்து வரிசையில் நிற்கிற பிள்ளைக்குத்தான் கொடுக்கமுடியும். வரியை ஒழுங்காகக் கட்டு, அங்கேயும் சரி இங்கேயும் சரி, ஆடிட்டர் ஏதாவது வழி சொன்னால் கேட்காதே.

2020-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மெடிக்கலில் 7.5 சதவீதம் ஒதுக்கியபோதும் நீ இப்படித்தான் பேசினாய். அதற்கு முந்தின வருஷங்களில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் அந்தப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் உள்ளே போனார்கள், ஒதுக்கீடு வந்த முதல் வருஷமே முந்நூறுக்கு மேல் போனார்கள். ஒரே வருஷத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு மூளை முளைத்துவிட்டதா? இவ்வளவு படித்தவன் நீ, இது உனக்குத் தெரியவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மூன்று வாரம் முன்னால் நீ மறுபடி அதே மாதிரி பேசியதும் இரண்டு நாள் அந்தக் கோபத்தோடேயே திரிந்தேன். மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரி.

அம்மாவுக்கு ரத்தம் எடுக்கவேண்டும் என்று உட்காரவைத்தார்கள். உனக்குத்தான் தெரியுமே, அவளுக்கு நரம்பு கிடைக்காது. நர்ஸ் இரண்டு தடவை குத்திவிட்டாள், அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறாள். வீல்சேர் தள்ளிக்கொண்டு வந்த பெண், நீல யூனிபார்ம், வார்டு வேலை பார்க்கிறவள், அம்மாவின் முழங்கையை லேசாகத் திருப்பி, கட்டை விரலால் இரண்டு தடவை நீவிவிட்டு, "இங்க பாருங்க சிஸ்டர்" என்றாள். ஒரே குத்தில் கிடைத்தது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்து, "சார், நல்லா இருக்கீங்களா? அண்ணன் அமெரிக்காவுலதானே இருக்காங்க?" என்று கேட்டாள். நம் சென்ட்ரிங் மேஸ்திரியின் மகள். உன் செட்தான், ஒரே வருஷம்தான் இரண்டு பேரும் பன்னிரண்டாவது முடித்தீர்கள்.

தம்பி, உன்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. நீ சொன்ன வார்த்தை உன்னுடையது இல்லை, என்னுடையது.

உன் ரிசல்ட் வந்த வாரம். வீட்டில் லட்டு டப்பா அடுக்கியிருந்தது. சாயங்காலம் மேஸ்திரி வந்தார், மஞ்சள் பை, அதற்குள் லேமினேட் செய்த மார்க் சீட்டு, ஒரு பேங்க் பாரம். மகளுக்கு பி.எஸ்சி. நர்சிங் இடம் கிடைத்திருக்கிறது, ஹாஸ்டலோடு நாலு வருஷத்துக்கு ஐந்து லட்சம் ஆகிறது. அப்போதெல்லாம் கல்விக் கடனில் நாலு லட்சம் வரை ஜாமீன் வேண்டியதில்லை, அதற்கு மேல் போனால் ஏழரை லட்சம் வரை மூன்றாம் ஆள் ஒருத்தர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. "நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும் சார்" என்றார். நம் வீட்டு மாடிக்கு சென்ட்ரிங் அடித்தவர், பத்தொன்பது வருஷம் என் சைட்டில் நின்றவர், ஒரு நாள்கூட அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வராமல் இருந்ததில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கையெழுத்துன்னா யோசிக்கணும் மேஸ்திரி. கவலைப்படாதீங்க, படிக்கிற பிள்ளை எப்படியும் படிச்சிடும்." லட்டு எடுத்துக் கொடுத்தேன். அவர் அந்தப் பாரத்தை ஏற்கெனவே மடித்திருந்த மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார். நீ ஊஞ்சலில் உட்கார்ந்து புது லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய், காதில் விழுந்திருக்காது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அதே வருஷம் சித்தப்பா கிரஷருக்கு 60 லட்சத்துக்கு ஜாமீன் போட்டேன். பேப்பரைப் படிக்கக்கூட இல்லை. அது என்ன ஆயிற்று, யார் தவணை கட்டினது என்பது உனக்குத் தெரியும். கோயில் கும்பாபிஷேகத்துக்கு இரண்டு லட்சம் எழுதினேன், கல்வெட்டில் பெயர் இருக்கிறது, நீ லீவில் வந்தபோது போட்டோ எடுத்தாய். மேஸ்திரிக்கு இடித்தது ஒரு லட்சம்தான். கையெழுத்தே வேண்டாம், மீதி ஒரு லட்சத்தை நான் தருகிறேன், நாலு லட்சத்துக்கு மட்டும் கடன் வாங்குங்கள் என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை, தம்பி. தோன்றி மறுத்திருந்தால்கூட ஒரு மாதிரி. அப்போது பொதுப்பணித்துறை டெண்டரில் இரண்டு பள்ளிக்கூடக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தேன், சாயங்காலம் சைட்டிலிருந்து சிமெண்ட் கையோடு வந்துதான் அவருக்கு அந்தப் பதிலைச் சொன்னேன். நான் கட்டிய எந்தப் பள்ளிக்கூடத்திலும் உன்னைச் சேர்க்க நினைத்ததும் இல்லை. அரசாங்கக் காசில்தான் நாம் வசதியானோம்.

அந்தப் பெண் அன்றைக்கு என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. அம்மாவை லிப்ட் வரை தள்ளிக்கொண்டு வந்தாள், பையன் மூன்றாவது படிக்கிறான் என்றாள், மேஸ்திரி போய் ஐந்து வருஷமாகிறது என்றாள், அது எனக்குத் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. காரில் ஏறியதும் அம்மா, "நல்ல பிள்ளை, நர்ஸாவே ஆகியிருக்கலாம்" என்றாள். அவளுக்கு அந்தப் பாரம் விஷயம் தெரியாது. நான் சொன்னதில்லை.

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு என்னால் ஆனதை நான் செய்கிறேன், ஓட்டை அடைக்க தளம் போடுவது எனக்குத் தெரிந்த வேலைதான், நீ பணம் அனுப்பவேண்டாம். அந்த வார்த்தையை மட்டும் இனி யாரிடமும் சொல்லாதே, மருமகளிடம்கூட. நான் கொடுத்தது, நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

18-ந் தேதி அம்மாவுக்கு அடுத்த செக்கப். அந்தப் பெண்ணிடம் பேசவேண்டும் என்று இருக்கிறேன், என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றுதான் நாலு நாளாக யோசிக்கிறேன், ஒன்றும் வரவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் சொல்லு. ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடு, நானே எடுக்கிறேன். முழங்காலைப் பற்றி அம்மாவிடம் அதிகம் கேட்காதே, பயந்துவிடுவாள். சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே.

அப்பா