ஆலோசகர் மைதானத்துக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர் மனநலம் குறித்து 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள் பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். 100 மாணவர்களோ அதற்கு மேலோ பயிலும் நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்பது நல்ல உத்தரவு. ஆனால், விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவர்களுக்கு அது எட்டுமா என்பது ஐயமே. விடியலில் பயிற்சி, பகலில் வகுப்பு, மாலையில் மறுபடியும் மைதானம். ஆலோசகரோ அலுவலக நேரத்தில் மட்டுமே இருப்பார். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனநலத்தை முன்னிட்டு அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் சில போட்டிகளிலிருந்து விலகியதைப் பாராட்டினோம். நம் கல்லூரி அணியில் ஒருவர் அப்படிச் சொன்னால், அடுத்த ஆட்டத்துக்கான பட்டியலில் அவர் பெயர் இருக்காது.

உடற்கல்வி இயக்குநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். முழங்கால் தசைநார் கிழிந்த கபடி வீரர் ஒருவருக்கு அறுவை சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் குறையின்றிக் கிடைத்தன. அவரை வாட்டியது வலியன்று. ஆடாவிட்டால் கட்டணச் சலுகையும் விடுதி இடமும் பறிபோகுமே என்ற அச்சம். அதை அவரிடம் கேட்க ஆளில்லை. எனவே, ஆலோசகர் வாரத்தில் இரண்டு மாலைகளாவது மைதானத்தில் இருக்க வேண்டும்; அங்கு பேசப்படுவது அணித் தேர்வாளர்களின் காதுக்குப் போகக் கூடாது. காயமுற்றவரின் சலுகைகள் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை தொடரும் என்று பல்கலைக்கழகங்கள் எழுத்துப்பூர்வமாக அறிவிக்கட்டும்.

– ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர், மதுரை