கொத்மலை ஓயா நடைபாலம்: கீழ்க்கணக்கு லயத்து மக்களின் கோரிக்கை மனு

பிரதேச செயலாளர் அவர்களுக்கு,

விடயம்: உடைந்து கிடக்கும் ஆற்றுப்பாலத்தைத் திருத்தித் தருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம் தாங்கள் அறியாத இடமல்ல. அட்டன்–நுவரெலியா வீதியில் சென்கிளேயர் நீர்வீழ்ச்சிப் பக்கம் வரும்போது, கொத்மலை ஓயா ஆற்றுக்கு அந்தக் கரையில் தகரக் கூரைகளும் சின்ன மாரியம்மன் கோயிலும் தெரியுமே, அதுதான். போன வெள்ளத்தின்போது தாங்களே வீதியோரம் நின்று பார்த்தீர்கள்.

முன்பு கொடுத்த மனுக்களில் ஒன்றுக்கு மட்டும் "உரிய பகுதிக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. அந்த உரிய பகுதி எது என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. ஆகவே மறுபடியும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. கோப்பி அழிந்து தேயிலை வந்த காலத்தில் எங்கள் பாட்டன் பூட்டன்மார் திருச்சி, சேலம் பக்கமிருந்து வந்து தோட்டத்தின் ஒரு பிரிவான இந்தக் கணக்கில் குடியேறினார்கள். நல்ல மண்ணெல்லாம் தேயிலைக்குப் போக, செடி வைக்கத் தோதில்லாத ஆற்றோரம் ஆட்களுக்குக் கிடைத்தது. ஒரு காம்பிரா (அறை), முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), அவ்வளவுதான். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு பல குடும்பங்கள் தமிழ்நாட்டுக் கூடலூர்ப் பக்கம் போய்விட்டன. இருந்தவர்களில் சிலருக்கு 2003 சட்டம் வந்த பிறகுதான் பிரஜாவுரிமை கிடைத்தது. இத்தனைக்கும் லயம் கலையவில்லை. மாசியில் காமன் கூத்து போட்டால் அக்கரைக் கணக்குகளிலிருந்தெல்லாம் சனம் வரும். பாலம் போன பிறகு வருவதில்லை.

2. பாலம் வெள்ளைக்காரத் துரைமார் காலத்துத் தொங்குபாலம். பலகைகள் உக்கி, ஒரு பக்கத்து இரும்புக் கயிறு அறுந்து, இப்போது ஆடுகூட அதில் ஏறாது. பள்ளிக்கூடம், கடை, பஸ் எல்லாம் அக்கரையில். சுற்றிப் போவதென்றால் மேல்கணக்கு வரை மலை ஏறி இறங்க வேண்டும். மழையில் அந்தப் பாதையும் சரிந்துவிடும்.

3. ஐயா, இதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். 2012இல் மேல் கொத்மலை மின்நிலையம் தொடங்கியதிலிருந்து ஓயாத் தண்ணீரில் பெரும்பங்கு சுமார் 13 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள்ளால் போகிறது. 150 மெகாவாட் மின்சாரம். நாட்டுக்கு நல்லதுதான், நாங்களும் பல்ப் போடுகிறோம். ஆனால் அணைக்குக் கீழே எங்கள் பக்கம் ஆறு வெறும் பாறையாகக் கிடக்கிறது. அதனால் கல்லுக்குக் கல் தாவி அக்கரைக்குப் போய்விடலாம். பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு தினமும் அப்படித்தான் போகிறார்கள்.

மழை பிடித்து நீர்மட்டம் ஏறினால் அணையின் வான்கதவைத் திறக்க வேண்டிவரும். அறிவிப்பு வருகிறது, அதில் குறை சொல்லவில்லை. ஆனால் பள்ளி விடும் நேரத்தில் தண்ணீர் வந்தால்? தாய் மலையில் கொழுந்து எடுக்கிறாள். மடுவத்தில் கொழுந்தை எடைபோட்டுக் கொடுக்காமல் ஓடிவந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். ஆனாலும் ஓடித்தான் வருகிறார்கள். வந்து இக்கரையில் நின்று கத்துகிறார்கள், அக்கரையில் பிள்ளைகள் நிற்கிறார்கள், நடுவில் இரைச்சல், ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. இருட்டிய பிறகு கடைக்காரர் வீட்டில் பிள்ளைகள் படுத்த நாட்களும் உண்டு. 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட்டால் வருகிறது, வீதியில் நிற்கிறது. கர்ப்பிணியை நாற்காலியில் கட்டித் தூக்கிக்கொண்டு பாறையில் யார் இறங்குவது? சென்ற மழைக்கு ஒரு பெண்ணுக்கு ஆற்றங்கரையிலேயே, ரப்பர் சீட்டைப் பிடித்து மறைத்துக்கொண்டு, பிரசவம் நடந்தது. பிள்ளை பிழைத்தது அம்மன் புண்ணியம். ஐயா, பாலம் வேண்டும்.

4. யாரிடம் கேட்பது? "காணி அரசாங்கத்தினுடையது, நாங்கள் வெறும் குத்தகைக்காரர்" என்கிறது தோட்ட நிர்வாகம். தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று இன்னோர் இடத்தில் சொன்னார்கள். ஒரு காலத்தில் அது சரி. 1987 பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு அப்படித்தான் இருந்தது. அதைத்தான் 2018இல் திருத்தியாயிற்றே! தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை வேலை செய்யலாம் என்று வந்தாயிற்றே! கொழுந்து எடுக்கிற எங்களுக்குத் தெரிந்த சட்டம் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எப்படித் தெரியாமல் போகிறது? அப்புறம் ஒருவர் எல்லை ஆற்று நடுவால் போகிறது என்றார். சரி, நீங்கள் பாதிப் பாலம் போடுங்கள், மீதியை அடுத்தவரிடம் கேட்டுக்கொள்கிறோம். வாக்காளர் இடாப்பில் நாங்கள் எந்தப் பக்கம் என்று இதுவரை யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

5. வீடு, ஏழு பேர்ச் காணி எல்லாம் கேட்க வேண்டியவைதான். அதற்கு வேறு மனு எழுதுவோம். இப்போது பாலம் மட்டும்.

6. வைகாசியில் பெரிய மழை தொடங்கிவிடும். அதற்கு முன் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நாளைச் சொன்னால் லயமே வேலைக்குப் போகாமல் நின்று சிரமதானம் செய்யும். மணல், கல், சீமெந்து எல்லாம் நாங்களே சுமப்போம். இரும்புக் கயிறு வாங்கத்தான் எங்களிடம் வழியில்லை.

பதிலைத் தமிழில் எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். சென்ற கடிதம் சிங்களத்தில் வந்ததால் வாசித்துச் சொல்ல ஆள் தேடினோம். தோட்ட ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பினால் கைக்கு வர நாளாகும். அக்கரைக் கடை விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறோம், அங்கே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கோயில் கமிட்டியாரும் லயத்து மக்களும்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் மறுபக்கத்தில்)

பிரதி: மாவட்டச் செயலாளர், பிரதேச சபைத் தவிசாளர், கிராம உத்தியோகத்தர்