அப்பாவின் காசநோய் சிகிச்சைக்குத் துணை நின்றவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

அப்பாவுக்குக் காசநோய் சிகிச்சை முடிந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரச்சொல்லி இரண்டு வருடம் பார்த்தார்கள். கடைசிப் பரிசோதனை போன மாதம் முடிந்தது. சளியில் கிருமி இல்லை. உடம்பும் தேறிவிட்டது. மதுரை மாவட்டத்து எழுமலைக்கு மேற்கே மலையடிவாரம் வரை பழையபடி ஆடு பத்திக்கொண்டு போய் வருகிறார். இந்தச் சேதி வரட்டும் என்றுதான் இவ்வளவு நாள் பொறுத்திருந்தேன்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். அப்பா படுத்தபோது பக்கத்தில் இருந்து பார்க்க வழியில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, அவருக்கே ஆள் துணை வேண்டும். பெற்ற பிள்ளை செய்ய வேண்டியதை நீங்கள் செய்தீர்கள். அதனால் இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை பார்க்கும் அக்காவுக்கு. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்கத்தான் நீங்கள் மாதாமாதம் வீட்டுக்கு வந்தீர்கள். திண்ணையில் அப்பா இருமுவதைக் கேட்டுவிட்டு, "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டீர்கள். அதற்குள் ஒரு தனியார் கிளினிக்கில் டானிக்கும் ஊசியுமாக வாரக்கணக்கில் காசு கரைந்திருந்தது. அங்கே ஒருவர்கூடச் சளியைப் பரிசோதிக்கச் சொல்லவில்லை. நீங்கள் அன்றைக்கே டப்பாவைக் கையில் கொடுத்து, "எச்சில் வேண்டாம்யா, காலையில எந்திரிச்சதும் நெஞ்சுல இருந்து இருமி எடுங்க" என்று சொல்லிக்கொடுத்தீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவை முதலில் பார்த்த நர்ஸ் அம்மாவுக்கு. நோய் உறுதியான அன்றே எடை, உயரம் எடுத்தீர்கள். விரலில் கிளிப்பை மாட்டி ஆக்சிஜன் பார்த்தீர்கள். மூச்சை எண்ணினீர்கள். கணுக்காலில் விரலை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்தீர்கள். கடைசியாக, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொன்னீர்கள். அப்பாவால் சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் இதையெல்லாம் பார்த்து 'டிபி சேவா' என்ற செயலியில் ஏற்றுகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆபத்தான நிலையில் இருப்பவரை மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடாமல் முதலிலேயே பிரித்துப் படுக்கையில் சேர்ப்பதற்குத்தான் அந்தக் கணக்கு. அப்பா தோப்பூர் நெஞ்சக நோய் மருத்துவமனைக்குப் போனார். சோறு இறங்க ஆரம்பித்து, தானாக நடந்து பாத்ரூம் போகிற அளவுக்கு ஆன பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள். அங்கே ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்ட அத்தனை பேருக்கும் கும்பிட்டுச் சொல்கிறேன், நன்றி.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய பாடு. டிபி மாத்திரை ஆறு மாதம், ஒரு நாள் விடாமல். ஒரு மாதம் சாப்பிட்டதும் இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், ஆள் தெம்பாகிவிடுவார். "இனி எதுக்கு இந்த மாத்திரை?" என்று தோன்றுவது அப்போதுதான். அங்கே நிறுத்தினால் மிச்சம் இருக்கும் கிருமி அந்த மருந்துக்கே அடங்காததாகிவிடும்.

அதைக் கண்காணிக்கத்தான் போன். மாத்திரை அட்டையைச் சுற்றி ஓர் உறை இருக்கும். மாத்திரையை அமுக்கி வெளியே எடுத்தால் பின்னால் மறைந்திருக்கும் ஓர் எண் தெரியும். அந்த எண்ணுக்கு வீட்டுப் போனிலிருந்து கூப்பிட வேண்டும். காசு கிடையாது, பேசவும் வேண்டாம். எந்த எண் வரும் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது, அவர்கள் கணினிக்குத் தெரியும். எனவே சரியான எண்ணுக்குக் கால் போனால் அன்றைய மாத்திரையைப் பிரித்துவிட்டார்கள் என்று கணக்கு. 99 டாட்ஸ் என்று பெயர். பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் உருவானதாம். ஸ்மார்ட்போன் வேண்டாம், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிய வேண்டாம், பட்டன் போன் போதும். எங்கள் அப்பா மாதிரி ஆட்களை மனதில் வைத்து யோசித்திருக்கிறார்கள். அவர்களுக்கும் நன்றி.

ஆனால் எங்கள் ஊரில் போனை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்பா விடிவதற்குள் ஆட்டோடு கிளம்பிவிடுவார். அடிவாரத்தில் டவர் எடுக்காது. மாத்திரையைப் போட்டிருப்பார், கால் போயிருக்காது. சுகாதாரப் பணியாளர்கள் பார்க்கும் கணினித் திரையில் அன்றைய கட்டம் சிவப்பாக நிற்கும். சென்னை, வேலூர், மும்பை மூன்று இடத்திலும் நோயாளிகளின் சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று பார்த்து, இந்தப் போன் கணக்கோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டும் கால் செய்யாதவர்கள் நிறைய. கால் செய்துவிட்டுச் சாப்பிடாதவர்களும் உண்டு. சிவப்பு எதனால் வந்தது என்று போனுக்குத் தெரியாது. ஒரு ஆள் போய்த்தான் கேட்க வேண்டும்.

அப்படிப் போய்க் கேட்ட, டிபி நோயாளிகளைக் கவனிக்கும் சுகாதாரப் பணியாளரான டிபி சாருக்கும் கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கட்டம் சிவந்தால் சார் முதலில் போன் அடிப்பார். எடுக்கவில்லை என்றால் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அட்டையை வாங்கி எண்ணிப் பார்ப்பார். சாப்பிட்டிருந்தால் கையாலேயே பதிந்துவிட்டுப் போவார். ஒரு நாளும் அப்பாவைத் திட்டியதில்லை.

ஒரு தடவை இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் சிவப்பு. செவிலியர் அக்கா, நீங்கள் வந்தபோது அப்பா கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. "ரத்தமாப் போகுது தாயி, மாத்திரை கொடலை அறுத்துருச்சு" என்றாராம். அம்மாவிடம்கூட வெட்கப்பட்டுச் சொல்லாததை உங்களிடம் சொன்னார். ரிஃபாம்பிசின் என்ற மருந்தால் சிறுநீர் ஆரஞ்சுச் சிவப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை, மருந்து வேலை செய்கிற உடம்பில் அப்படித்தான் இருக்கும் என்று உட்கார்ந்து விளக்கினீர்கள். அதோடு விட்டுவிடவில்லை. குமட்டல் உண்டா என்று கேட்டீர்கள், வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து கண்ணில் மஞ்சள் இருக்கிறதா என்று இமையை விலக்கிப் பார்த்தீர்கள். ஈரல் சரியாக இருக்கிறதா என்று ரத்தம் கொடுக்க மறுநாளே அழைத்துப்போனீர்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. அன்று ராத்திரியே அப்பா மாத்திரை போட்டார். எனக்குப் போனில் சொன்னபோது அம்மா அழுதார்.

பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு என் முத்தங்கள். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் வந்து, உறையில் இருக்கும் எண்ணைப் பார்த்து அழுத்திக் கொடுத்தது நீதான். அப்பா ஆட்டோடு போகும் நேரத்தை மாற்றிக்கொண்டதும் உனக்காகத்தான், "பாப்பா வந்துட்டுப் போகட்டும்" என்பார். மெசேஜ் வந்தால் வாசித்துக் காட்டியதும் நீதான்.

டீக்கடை மாமாவுக்கும் சொல்ல வேண்டும். ஊரில் சிலர் அப்பாவுக்குத் தனி டம்ளர் வைக்கச் சொன்னபோது நீங்கள் கேட்கவில்லை. எல்லோருக்கும் கொடுக்கும் கண்ணாடி கிளாஸில்தான் கொடுத்தீர்கள். டிபி காற்றில் பரவும், டம்ளரில் பரவாது. முறையாக மாத்திரை சாப்பிடுகிறவரிடமிருந்து பரவுவதும் சீக்கிரமே நின்றுவிடும். அது உங்களுக்குத் தெரிந்திருந்ததோ இல்லையோ, அப்பா அந்தக் கிளாஸைப் பற்றி இன்றும் பேசுகிறார்.

சத்துணவுக்கென்று அப்போது மாதம் 500 ரூபாய் அப்பாவின் வங்கிக் கணக்கில் வந்தது. 2024 நவம்பரிலிருந்து அதை 1000 ஆக்கியிருக்கிறார்கள், நல்ல காரியம். முட்டையும் கடலையும் அந்தப் பணத்தில்தான் வாங்கினோம்.

முன்பின் பார்க்காதவர்கள் சிலருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். ஏழை நோயாளிகளில் பாதிப்பேரை மருத்துவமனையிலும் பாதிப்பேரை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதேபோலக் குணமானார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுவதும், சிறுநீரைச் சோதிப்பதும் அங்கேயே நடந்திருக்கிறது. 1959-ல் அந்த முடிவு வெளியான பிறகுதான், டிபி வந்தால் மாதக்கணக்கில் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் கிடக்க வேண்டும் என்ற நிலை மாறியது. அப்பா தன் கட்டிலில், தன் ஆடுகள் பக்கத்தில் இருந்தபடி குணமானதற்கு அந்தக் குடிசைகளில் மருந்து சாப்பிட்ட நோயாளிகளும் காரணம்.

இன்னும் பலர் இருக்கிறார்கள். எங்கள் எல்லோரையும் வரவழைத்துப் பரிசோதித்த லேப் அண்ணன், பஸ்ஸில் அப்பாவுக்கு இடம் பிடித்துக் கொடுத்த கண்டக்டர், அப்பா படுத்திருந்த நாளெல்லாம் தன் ஆட்டோடு எங்கள் ஆட்டையும் சேர்த்து மேய்த்த சித்தப்பா. பெயர் போட வேண்டாம் என்று டிபி சார் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. உங்களுக்கு உங்களைத் தெரியும்.

வருகிற மாசியில் குலதெய்வக் கோயிலில் என் மகனுக்குக் காது குத்துகிறோம். கிடாயை அப்பா இப்போதே பிரித்துக் கட்டிவிட்டார். தேதி குறித்ததும் வீடு வீடாக வந்து பாக்கு வைக்கிறோம். நர்ஸ் அம்மா, அக்கா, சார் எல்லோரும் குடும்பத்தோடு வந்துவிட வேண்டும், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லக் கூடாது. டீக்கடை மாமா அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பெண்