தேநீரில் கரையும் சீனி

ஆசிரியருக்கு,

முப்பது ஆண்டுகள் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய என் அம்மா, ஓய்வுபெற்றதும் எடை கூடி முழங்கால் வலியில் தவித்தார். உழைப்பு நின்றது, சாப்பாடு மாறவில்லை. காலையில் மூன்று கோதுமை மா ரொட்டி. நாளுக்கு ஆறு கோப்பை பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்), ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி. தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று கணக்குப் போட்டால் 48 கிராம்! உலக சுகாதார ஸ்தாபனம் உகந்ததாகச் சொல்வதோ நாளுக்குச் சுமார் 25 கிராமுக்குள்தான்.

இப்போது தேநீரில் சீனி இல்லை. ஒரே ரொட்டி, தட்டு நிறைய வல்லாரைச் சம்பல், பருப்பு. மாலையில் எங்கள் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கோயில்வரை அரைமணி நேர நடை. ஐந்து மாதத்தில் 6 கிலோ குறைந்திருக்கிறது.

தோட்ட நிர்வாகங்கள் இத்தகைய பாதைகளில் விளக்குப் போட்டுத் தர வேண்டும். இருட்டுக்கும் சிறுத்தைக்கும் பயந்தே பல பெண்கள் நடப்பதில்லை.

வாசகி,
அட்டன்.