அழுத்தம் ஒண்ணரை என்றால் எதில் ஒண்ணரை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் வேளாண் பக்கத்தில் போன வாரம் வந்த சொட்டுநீர்ப் பாசனக் கட்டுரையைப் படித்தேன். ஃபில்டர் கழுவுவது, உப்பு அடைப்பை எடுப்பது எல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். நடுவில் ஒரு வரி: 'அழுத்தம் 1.5 இருக்குமாறு பார்த்துக்கொள்ளவும்.' கிலோவா, பாரா, பவுண்டா? யூனிட்டே இல்லை.

இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று தோன்றலாம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

சிவகிரி பக்கம் என் தங்கை மகன் இரண்டு ஏக்கரில் மஞ்சள் போட்டிருந்தான். சொட்டுநீர் அமைத்துக் கொடுத்தவர்கள் "ஒண்ணரையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னது கிலோ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு. ப்ரஷர் கேஜ் பழுதானதும் கோவையில் நான்தான் புதிது வாங்கிக் கொடுத்தேன். அதன் முகப்பில், முள்ளுக்குக் கீழே, கடுகு மாதிரி சின்ன எழுத்தில் மெகாபாஸ்கல் என்று போட்டிருந்ததை நானும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை.

மோட்டாரைப் போட்டுவிட்டு ஃபோன் செய்தான். "ஏனுங் மாமா, முள்ளு ஒண்ணரைக்கு வரவே மாட்டீங்குது. மோட்டார் இழுக்கலையாட்ட இருக்குது." உபரித் தண்ணீரைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வைக் கொஞ்சம் மூடிப் பார் என்றேன். கொஞ்சம் மூடினான், இன்னும் மூடினான், கடைசியில் முழுக்கவே மூடிவிட்டான். முள் 0.35-இல் நின்றது. ஒரு மெகாபாஸ்கல் ஏறக்குறைய பத்துக் கிலோ, அதனால் பழைய கேஜில் அது மூன்றரைக் கிலோ. நான் போய்ச் சேர்ந்தபோது சப்மெயின் என்ற கிளைக்குழாயிலிருந்து, செடிகளுக்குப் போகும் பத்துப் பன்னிரண்டு லேட்டரல் குழாய்கள் பிடுங்கிக்கொண்டு ஆளுயரத்துக்குத் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. நட்டு இருபது நாள்கூட ஆகாத மஞ்சள். நட்டிருந்த மண்மேடு கரைந்து, முளை விட்ட விதைக்கிழங்கு வெளியே கிடந்தது. அவன் மனைவி ஒவ்வொன்றாகப் பொறுக்கி மண்ணுக்குள் வைத்துக்கொண்டிருந்ததை இப்போது நினைத்தாலும் மனசு கேட்பதில்லை.

ஒரே அழுத்தத்துக்கு நம் பக்கத்தில் எத்தனை பேச்சு! கோவைப் பம்பின் தகட்டில் அது மீட்டர். 10 மீட்டர் தண்ணீர் உயரம் ஏறக்குறைய ஒரு கிலோ. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக் கம்ப்ரசரிலும் பெட்ரோல் பங்கிலும் அது பவுண்டு, அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு. ஆஸ்பத்திரியில் பாதரச மில்லிமீட்டர். பள்ளிக்கூடத்தில் மட்டும் பாஸ்கல். பிள்ளைகள் பரீட்சையில் சரியாக எழுதுகிறார்கள். தோட்டத்துக்கு வந்தால் அந்தப் பாஸ்கல் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஒரு சதுர மீட்டரில் ஒரு நியூட்டன் விசை இறங்கினால் அது ஒரு பாஸ்கல். 1971-இல்தான் இந்தப் பெயரை உலக அளவில் ஏற்றார்கள். ரொம்பச் சின்ன அளவு அது. உங்கள் நாளிதழின் இரண்டு தாளை ஒன்றன் மேல் ஒன்றாக விரித்து மேசையில் போட்டால், மேசை மேல் இறங்குவது கிட்டத்தட்ட ஒரு பாஸ்கல்தான். நாம் சொல்லும் ஒரு கிலோ 98,066.5 பாஸ்கல், ஒரு பார் சரியாக 1,00,000 பாஸ்கல், ஒரு பவுண்டு சுமார் 6,895 பாஸ்கல். அதனால்தான் தோட்டத்துக்குக் கிலோபாஸ்கல் (ஆயிரம் பாஸ்கல்), இயந்திரங்களுக்கு மெகாபாஸ்கல் (பத்து லட்சம் பாஸ்கல்) என்று போகிறார்கள்.

பெயருக்கு உரிய விஞ்ஞானி பாஸ்கல் செய்ததும் நமக்கு அந்நியமான காரியம் இல்லை. 1648-இல், பிரான்சில், தன் அக்காள் கணவரைப் பாதரசக் குழாயோடு ஒரு மலை மேல் ஏறச் சொன்னார். உச்சியில் பாதரசம் 8 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தது. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டும்போது உப்பிக்கொள்கிறதே, அதுவும் இதே சங்கதிதான். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது.

வானிலை ஆட்கள் மில்லிபாரை விட்டு ஹெக்டோபாஸ்கலுக்கு வந்துவிட்டார்கள். ஒரு மில்லிபாரும் ஒரு ஹெக்டோபாஸ்கலும் (நூறு பாஸ்கல்) ஒன்றே, எண் மாறாது என்பதால் அவர்களுக்குச் சிரமம் இல்லை. நமக்கு எண்ணும் மாறும், அதனால் பழைய பேச்சை ஒரே நாளில் விடச் சொல்லவில்லை. '150 கிலோபாஸ்கல் (சுமார் ஒண்ணரைக் கிலோ)' என்று இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். கேஜில் இது 0.15 மெகாபாஸ்கல், 1.5 பார், ஏறக்குறைய 22 பவுண்டு என்று பக்கத்தில் ஒரு சின்னக் கட்டமும் வரட்டும். வெட்டி மோட்டார் ரூம் கதவில் ஒட்டிக்கொள்வார்கள்.

வைகாசியில் மஞ்சள் நடவு தொடங்கிவிடும். அந்தக் கட்டுரையைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் குழாய் மாட்டுவதற்கு முன்னால் திருத்தத்தைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு மாவட்டம்.