முதலில் நீயே வரைந்து பார்

அன்புள்ள மாலதி,

கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்ததில் ரொம்ப சந்தோஷம். வகுப்பில் அசையும் வரைபடங்களைக் காட்டினால் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியுமா என்று கேட்டிருந்தாய். கொஞ்ச நாளாக நானும் இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

படம் அசைவதாலேயே பாடம் புரிந்துவிடாது. பார்ப்பவரை யோசிக்க வைக்கிறதா என்பதுதான் கேள்வி. 2015-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் இணையதளத்தில் ஒரு வரைபடம் போட்டது. பெற்றோரின் வருமானம் கூடக்கூட, அவர்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் கல்லூரிக்குப் போகிறார்கள்? கட்டம் மட்டும் இருக்கும், கோடு இருக்காது. அதை நம் ஊகப்படி நாமே இழுக்க வேண்டும். முடித்த பிறகுதான் உண்மைக் கோடு மேலே வந்து விழும். அது ஏறக்குறைய நேர்கோடு! நாம் வரைந்தது எங்கே விலகியது என்று கண் தானாகவே தேடும். வெறுமனே நேர்கோட்டைக் காட்டியிருந்தால் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போயிருப்போம். இப்படி ஊகித்து வரைந்தவர்களுக்குத் தரவு நன்றாக நினைவில் நிற்கிறது என்று 2017-இல் ஓர் ஆய்வும் வந்தது.

அப்புறம், உன் வகுப்பில் இருக்கும் பார்வையற்ற மாணவன். அவனுக்கு இது எப்படி உதவும் என்று யோசித்தபோது, 2024-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட உம்வெல்ட் என்ற மென்பொருள் கருவியைப் பற்றிப் படித்தேன். அந்தக் குழுவில் பார்வையற்ற ஆய்வாளர் ஒருவரும் இருக்கிறார். வழக்கமாகப் படத்தை வரைந்துவிட்டு, கடைசியில் ஒப்புக்கு ஒரு விளக்க வரி சேர்ப்பார்கள். எனக்கு அது அநியாயமாகவே படும். உம்வெல்ட்டில் படம், எழுத்து, ஒலி மூன்றும் ஒரே தரவிலிருந்து சரிசமமாகப் பிறக்கின்றன. மதிப்பு ஏறினால் சுருதி ஏறும், இறங்கினால் இறங்கும். ஒன்றில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தால் மற்ற இரண்டும் கூடவே மாறும்.

இரண்டையும் சேர்த்துச் செய்து பாரேன். ஒலியைக் கேட்கவிடும் முன், ஏறுமா இறங்குமா என்று அவனையே வாயால் முனகிக் காட்டச் சொல். மற்ற பிள்ளைகள் தாளில் வரையட்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து உண்மையைக் கேட்கலாம், பார்க்கலாம். ஒன்று மட்டும் கவனி: திரையில் இருக்கும் வரிகளை அப்படியே குரலிலும் ஓடவிடாதே. படத்தையும் பார்த்துக்கொண்டு, படிக்கவும் கேட்கவும் வேண்டியிருந்தால் கவனம் சிதறும்.

செய்து பார்த்ததும் அந்தப் பையன் என்ன சொன்னான் என்று எழுது.

அன்புடன்,
கதிர்